கொல்லிமலைக்கு ஒரு கேமரா

டொராண்டோவில் என்னுடன் வசிக்கும் அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, கொல்லிமலைச் சாலையை முழுதாகப் படம்பிடித்து வரச் சொன்னார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மாமா மகனின் புல்லட் தயாராக இருந்தது, கேமராதான் வேண்டும்.

சென்னையில் முதலில் போனது குளிரூட்டப்பட்ட ஒரு பெரிய கடை. எதைக் கேட்டாலும் மெகாபிக்சல் கணக்கும் மாதத் தவணையும்தான் பதிலாக வந்தன. பெட்டியைப் பிரித்துக் காட்ட முடியாது என்றார்கள். மனம் கசந்து வெளியே வந்தேன். மறுநாள் ரிச்சி தெருவில், இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு கடை. அதன் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி: "சார், எங்கே மாட்டப் போகிறீர்கள்? ஹெல்மெட்டிலா, நெஞ்சிலா, ஹேண்டில்பாரிலா?"

அந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு முழுவதும் ஹேண்டில்பாருக்கு வந்துவிடும். செல்போனையே அங்கு மாட்டிக்கொள்ளலாமே என்றேன். கூடவே கூடாது என்றார். மோட்டார் சைக்கிள் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. நெஞ்சில் கட்டினால் கைகளும் ஸ்பீடோமீட்டரும் அழகாகத் தெரியும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும் முன்பே நம் தலை திரும்பிவிடுகிறது. நெஞ்சுக் கேமரா அப்போதும் எதிரே உள்ள பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஹெல்மெட்டின் தாடையில் மாட்டினால் கண் போகும் இடத்துக்குப் படமும் போகும். கோப்ரோ, டிஜேஐ என்ற இரண்டு நிறுவனங்களின் கேமராக்களையும் பெட்டியிலிருந்து எடுத்து, என் ஹெல்மெட்டிலேயே பொருத்திக் காட்டினார். இன்ஸ்டா360 போன்ற, சுற்றிலும் பதிவு செய்யும் இரட்டை லென்ஸ் கேமராவில் எந்தப் பக்கம் காட்டுவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் படத்தை வெட்டி ஒட்ட எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கோப்ரோவையே வாங்கினேன்.

மெமரி கார்டை வேறிடத்தில் வாங்கியது என் பிழை. 512 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் கணினியில் நிரப்பிப் பார்த்தால் 64 ஜிபியைத் தாண்டவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. விநாடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) வீதம் 4கே தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி ஆகிவிடும். போலிக் கார்டோடு மலையேறியிருந்தால் பாதி வழியே பதிவாகியிருக்காது. வாங்கிய அன்றே முழுதாக நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

முதல் பயணத்தில் படம் நன்றாக வந்தது, ஒலி வரவில்லை. காற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. மைக்கை ஹெல்மெட்டுக்குள் வைக்க வேண்டும், ஆனால் அது நழுவிக்கொண்டே இருந்தது. நாமக்கல்லில் லாரி இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் ஒரு பெரியவரிடம் மச்சான் அழைத்துப் போனான். ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு பை தைத்து, வயர் வெளியே வர ஓட்டையும் விட்டு, அரை மணியில் கொடுத்தார். நூறு ரூபாய் கேட்டார். டொராண்டோவில் இந்த வேலையை யாரிடம் கொண்டுபோவது என்றே எனக்குத் தெரியாது.

இன்னொன்று. கனடாவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 சுழற்சி. நம்முடையது 50. விளக்குகளும் அந்தக் கணக்கில்தான் மினுங்கும். பழக்கத்தில் கேமராவையும் 60இல் வைத்திருந்ததால் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக் கடைத்தெரு விளக்குகள் மாலையில் துடிதுடித்தன. அமைப்பை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, விநாடிக்கு 50 சட்டகமாக எடுத்ததும் சரியாகிவிட்டது. திரும்பும்போது உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் அனுமதியில்லை.

இரண்டாம் பயணத்தில் மச்சான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவின் எண்ணையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தக் குரல் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அப்பா படத்தை ஓடவிட்டு, அவனுக்கு முன்பே எண்ணைச் சொல்கிறார்.