பைண்டிங் கடைக்குப் போய் வந்த மோட்சார்ட்

மோட்சார்ட்டின் கடைசி மூன்று சிம்பொனிகளும், அதாவது 39, 40, 41, ஒரே கட்டில் அடங்கிய கையடக்க ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிட்ட இசைப் புத்தகம்) ஒன்று எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தையல் விட்டுப்போனதால் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம் திரும்பி வந்தது. அதே வாரத்தில்தான் நண்பர் ஒருவர், இதன் விலை பாதியாகிவிட்டதாமே, வாங்கலாமா என்று கேட்டார். ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

அளவு, தாள், அட்டை எல்லாம் கடைக்காரர் போடும் படத்திலேயே தெரியும். எழுத்து பொடி. மூக்குக்கண்ணாடி தேவைப்படும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சட்டைப்பைக்குள் ஓர் இசைக்குழுவையே வைத்துக்கொள்ள நினைப்பவர் கண்ணுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று. ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியின் வரி.

40ஆம் சிம்பொனியின் முதல் பக்கத்தைத் திறந்தால், ஹார்னுக்கு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் 'பி' என்றும் மற்றதன் பக்கத்தில் 'ஜி' என்றும் போட்டிருக்கும். அங்கே எழுதியிருப்பது ஒரு சுரம், காதில் விழுவது வேறொரு சுரம். ஜெர்மானிய வழக்கில் பி என்றால் பி ஃபிளாட், அதாவது நம் பி-க்கு அரைச்சுரம் கீழே; நாம் பி என்று சொல்வதை அவர்கள் எச் என்பார்கள். இது தெரியாமல் இரண்டு மாதம் ஒவ்வொரு சுரத்தையும் அரைச்சுரம் தள்ளியே கணக்குப் போட்டு, மோட்சார்ட் எப்பேர்ப்பட்ட புரட்சிக்காரர் என்று வியந்துகொண்டிருந்தேன். முன்னுரை எழுதியவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். 1788 கோடையில் வியன்னாவில் மோட்சார்ட்டுக்குப் பணமுடை, நண்பருக்குக் கடன் கேட்டுக் கடிதங்கள், ஜூன் 26, ஜூலை 25, ஆகஸ்ட் 10 என்று மூன்று சிம்பொனிகளும் அவருடைய சொந்தப் பட்டியலில் ஏறிய தேதிகள், எல்லாம் உண்டு. இந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று சொல்ல மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

ஆகவே பென்சிலை எடுத்தேன். பக்க ஓரத்தில் ஒவ்வொரு இடத்திலும் உண்மையான சுரத்தை எழுதினேன். ஓர் ஆண்டுக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஒரு நாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே, சிரிப்பு வந்துவிட்டது. ஹார்ன் வாசிப்பவனுக்கு எழுதியிருந்தது சுரமே அல்ல, ஸ்தானம்! சுருதிக் கட்டையை மாற்றினாலும் நாம் 'ச' என்றுதானே எழுதுகிறோம்? அதே கதைதான். அந்தக் கால ஹார்னில் வால்வு கிடையாது. குழாயின் நீளம்தான் சுருதி. வேறு சுருதி வேண்டுமென்றால் ஒரு குழாய் வளையத்தைக் கழற்றி வேறொன்றைச் செருகுவார்கள். தாளில் எப்போதும் சி. அது அவனுடைய ச.

இது புரிந்த பிறகு 40இன் முதல் பக்கத்தை மறுபடி பாருங்கள். அப்படிப்பட்ட குழாயில் நடு ஸ்தாயியில் இயல்பாகக் கிடைப்பவை ச, க, ப மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை மேலே போகப் போகத்தான் கிடைக்கும். அந்த க எப்போதுமே அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த க. இந்தச் சிம்பொனியின் ஜி மைனருக்கோ அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரம் வேண்டும். ஜி ஹார்ன் இரண்டையும் வைத்தால் ச-வும் ப-வும் ஊதிவிட்டுக் காந்தாரம் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். மோட்சார்ட் என்ன செய்தார்? இரண்டாவது ஹார்னை ஜி-யில் வைத்தார், முதல் ஹார்னைப் பி ஃபிளாட்டில் வைத்தார். ஒருவனுடைய ச, மற்றவனுக்கு இல்லாத சாதாரண காந்தாரம். தனித்தனியே இரண்டு பேரும் ஊனம். சேர்ந்தால் முழு ஜி மைனர். இரண்டாவது மெட்டு பி ஃபிளாட் மேஜரில் வரும்போது முதலாமவனுக்குச் சொந்த வீடு. கடைசியில் அதே மெட்டு ஜி மைனரில் திரும்பும்போது அவன் மறுபடி விருந்தாளி.

மூன்றாம் பகுதியான மினுவெட் நடனத்தின் ட்ரியோவுக்கு, அதாவது அதன் நடுப்பகுதிக்கு, வாருங்கள். அங்கே ஜி மேஜர். இரண்டு ஹார்னும் ஜி-யில். அதுவரை விலக்கி வைத்திருந்த அந்தர காந்தாரம் இப்போது சரியான சுரமாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஊதுகிறார்கள். பல இசைத்தட்டுகளில் இந்த இடத்தை நூறு முறை கேட்டிருக்கிறேன், 'இதமான பகுதி' என்ற அளவில். ஏன் இதம் என்பதை அந்த எரிச்சலூட்டும் வரிதான் காட்டிக்கொடுத்தது. முன்னுரையாசிரியர் விளக்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஆனால் இப்படித் தெரிந்திருக்காது. இதை அவருக்குப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 40க்கு மோட்சார்ட் பிறகு கிளாரினெட்டுகளைச் சேர்த்து, ஓபோ என்ற இன்னொரு துளைக்கருவியின் வரிகளைத் திருத்தினார். இந்தப் பதிப்பில் இரண்டு வடிவமும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறது. ஓபோவிடமிருந்து எதைப் பிடுங்கிக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார் என்று விரல் வைத்துப் பார்க்கலாம். 39இல் ஓபோவே இல்லை. அதன் ட்ரியோவில் ஒரு கிளாரினெட் பாட, இன்னொன்று அடியில் உருண்டுகொண்டிருக்கும் பக்கம் என் பிரதியில் கறுத்துப்போயிருக்கிறது. அதற்கு மேல் 39ஐப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

தையல் விட்டது 'ஜூபிடர்' என்று பெயர் பெற்ற 41இல், அதன் இறுதிப் பகுதி முடிகிற இடத்தில். ஐந்து கருக்களும் (சிறு மெட்டுத் துணுக்குகளும்) ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற இடம். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஐந்து வரிகளும் ஒவ்வொன்றாகக் கருக்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். ஐந்து வண்ணப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அந்தத் தாளை எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்பதற்குத் தையலே சாட்சி.

பைண்டிங் செய்தவர் நூல் கட்டித் தைத்திருக்கிறார், பழுது சொல்ல முடியாது. மூன்று பக்கமும் விளிம்பை நறுக்கியும் இருக்கிறார். "ஓரமெல்லாம் ஒரே கிறுக்கலாக இருந்தது, சுத்தமாக்கிவிட்டேன் சார்" என்றார், பெருமையாக. எட்டு ஆண்டுப் பென்சில் குறிப்பு. ஹார்ன் சுரங்கள் எல்லாம் போயின. 40இன் நாலாம் பகுதியின் நடுவே பன்னிரண்டு சுரங்களில் ஜி-யை மட்டும் தொடாமல் போகும் அந்தப் பாய்ச்சலுக்கு நான் எழுதியிருந்த ஒன்பது வரிக் குறிப்பில், இப்போது ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்துதான் மிச்சம்.

எனவே நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். சால்ஸ்பர்க்கின் 'மோட்சார்ட்டேயும்' என்ற அறக்கட்டளை 2006இல் மோட்சார்ட்டின் மொத்தப் படைப்புகளின் ஸ்கோரையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், தையல் விடாது, யாரும் ஓரத்தை நறுக்க முடியாது.

நேற்றிரவு 40இன் முதல் பக்கத்தில், 'பி என்றால் பி ஃபிளாட்' என்று மறுபடி எழுதிவைத்தேன். ஓரத்தில் இடம் போதவில்லை. வயலின் வரிக்கும் ஹார்ன் வரிக்கும் நடுவே நுழைக்கவேண்டியிருந்தது.