மரம் ஏறும் ஸ்பர்: ஆறு வருடம் காலில் கட்டிப் பார்த்ததில் தெரிந்தது

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் பட்டுப்போன மரம், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம் இவற்றை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவதுதான் என் வேலை. ஆறு வருடமாக ஸ்பர் (காலில் கட்டிக்கொண்டு, அதன் முள்ளை மரத்தில் குத்தி ஏறும் உலோகக் கருவி) கட்டித்தான் ஏறுகிறேன், இப்போது இருப்பது இரண்டாவது ஜோடி. புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் எடை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பேடை, அதாவது தண்டின் மேல்முனைக்கும் காலுக்கும் நடுவில் வரும் மெத்தையைப் பார்க்கச் சொல்வேன்.

ஸ்பரின் தண்டு காலின் உள்பக்கமாக மேலே வரும். முள்ளைக் குத்தி நின்றதும் உடம்பு எடை முழுவதும் பாதத்துக்கு அடியில் இறங்கும், தண்டின் மேல்முனை கணைக்கால் எலும்பைத் தள்ளும். என் முதல் ஜோடி இரும்பு, பேடு உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு புளியமரத்தில் அரை நாள் நின்றுவிட்டு இறங்கினால் எலும்புமேல் சிவந்து தடித்துப்போயிருக்கும், ராத்திரி புரண்டு படுக்க முடியாது.

அடுத்தது அலுமினியம், காலைச் சுற்றி வரும் அகலமான பேடு, தண்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிற மாதிரி வைத்தேன், வலி பாதிக்குமேல் போய்விட்டது. எடை குறைந்ததும் உதவிதான், ஆனால் அது சாயங்காலம்தான் தெரிந்தது, பேடின் வித்தியாசம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. குறையும் உண்டு. மே மாதம் நம்ம வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் ஃபோம் வியர்வையைக் குடித்து ஊறிவிடும், வெல்க்ரோவில் மரத்தூள் அடைத்து ஒரு வருடத்தில் பிடிப்பே போனது. ஆம்பூர் தோல் வாங்கி, செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து உள்பக்கம் தைத்து, வெல்க்ரோவுக்குப் பதில் பக்கிள் போட்டேன். இன்றுவரை அதுதான்.

அப்புறம் ஷூ. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ என்றால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பரும் பாதத்தை அறுக்கும். அடிப்பாகம் வளையாததாக, குதிகால் நன்றாக எடுப்பாக இருக்க வேண்டும்.

முள் நீளம் மரத்தைப் பொறுத்தது. புளி, பழைய வேம்பு மாதிரி தடித்த பட்டைக்கு நீளமான முள் வேண்டும், இல்லையென்றால் பட்டையோடு பெயர்ந்து வரும். தைலமரத்துக்குக் குட்டை முள் போதும், நீளமானதைப் போட்டால் கால் வெளிப்பக்கம் திருகும். மழுங்கினால் கை அரத்தால் மட்டும் தீட்டுங்கள், கிரைண்டரின் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும்.

உயிரோடு இருக்கும் மரத்தில் கிளை கழிக்க ஸ்பர் கட்டவே கட்டாதீர்கள். தென்னந்தோப்புக்காரர்கள் கூப்பிட்டால் நான் மறுத்துவிடுகிறேன். தென்னை, பனையில் தண்டுக் காயம் கடைசிவரை மூடாது, அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். அங்கே தளைக்கயிறு போட்டு ஏறுகிறவர்தான் சரி.

வாங்குமுன் யாரிடமாவது ஒரு ஜோடி இரவல் கேட்டு, இடுப்பு பெல்ட்டும் கயிறும் போட்டுக்கொண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள்.