மைனஸ் 40 டிகிரி காட்டிய வண்டிக்கு 'ஹீட் ஏறுது' என்று பில் போட்டார்கள்

கார் வைத்திருக்கும் டெல்டாக்காரர்கள், முக்கியமாக வீட்டுப் பக்கத்தில் வயலோ களமோ இருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். மன்னார்குடியில் ராத்திரி முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. புகையில் பெட்ரோல் வாடை. கும்பகோணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "ஹீட் ஏறுது சார், அதான் ஃபேன் நிக்கல" என்றார்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட் போக வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப், கூலன்ட், கடைசியில் கூலன்டின் சூட்டை அளக்கும் சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பில் 14,800 ரூபாய். மறுநாள் காலையில் அதே ஃபேன், அதே விளக்கு. திரும்பப் போனால், "இசிஎம் போயிருக்கும், 35,000 ஆகும்" என்கிறார்கள். இசிஎம் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் என்ன கோட் வந்தது என்று நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்: பி0118.

வண்டியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் போனேன். ஸ்கேனரை மாட்டி கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தார். மைனஸ் 40. "தம்பி, நம்ம ஊர்ல ஏது மைனஸ் 40? ஒயர் எங்கேயோ விட்டிருக்கு" என்றார். இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். ஒயர் அறுந்தால் தடை அளவில்லாமல் போய், கடுங்குளிர் என்று இசிஎம் எடுத்துக்கொள்ளும்; பெட்ரோலைக் கூட்டும். அந்த அளவை நம்ப முடியாது என்று தெரிந்ததும், பாதுகாப்புக்காக ஃபேனையும் ஓடவிடும். பி0118 சொல்வது இதைத்தான்.

சென்சாரில் மாட்டியிருக்கும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஒயரிங் நன்றாக இருந்தால் அளவு சட்டென்று உச்சத்துக்குப் போக வேண்டும். அசையவில்லை. அப்படியென்றால் சென்சார் மேல் குற்றமே இல்லை, கோளாறு ஒயரில்தான். ஒயரைத் தடவிக்கொண்டே போனார். பேட்டரித் தட்டுக்குப் பின்னால் எலி கடித்திருந்தது. அறுவடை தொடங்கினால் வயல் எலி ஷெட்டுக்கு வருவது நமக்குத் தெரிந்ததுதானே. பற்றவைத்து ஸ்லீவ் போட்டுத் தந்தார். 400 ரூபாய்.

வெப்பநிலை முள் உண்மையிலேயே சிவப்புக்குப் போனாலோ கூலன்ட் குறைந்தாலோ அது வேறு விஷயம், உடனே வண்டியை நிறுத்துங்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் சுற்றினால், எதையும் மாற்றச் சொல்வதற்கு முன் கோட் என்ன, டிகிரி எவ்வளவு என்று ஸ்கேனர் திரையை உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கி வந்திருந்தேன். அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. பழைய சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தேன்: காலையில் 2 கிலோ ஓம் அளவில், கொதிநீரில் 200 ஓமுக்குக் கீழே. இரண்டுமே நல்ல நிலையில் இருந்தவை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கும்பகோணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். "மாட்டின பார்ட்ஸுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.