பழைய பீச்ஜெட்டை மாற்றப் போகிறீர்களா? மணிக்கணக்கை விட்டுப் பயணக்கணக்கைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1990-களில் வாங்கிய பீச்ஜெட் 400ஏ என்ற சிறிய தனியார் ஜெட் விமானங்கள் இன்னும் கணிசமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. உரிமையாளர் பெரும்பாலும் நடுத்தர அளவிலான ஒரு குடும்பத் தொழில் வைத்திருப்பார். மூன்று நான்கு மாநிலங்களில் கிளைகள் இருக்கும். வருடத்துக்கு இருநூறு பயணம், ஒவ்வொன்றும் சராசரியாக 500 கடல் மைல், உள்ளே மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். இப்படி ஒருவர் குறைவாக எரிபொருள் குடிக்கும் விமானத்துக்கு மாற நினைத்தால் எதற்கு மாறலாம் என்பதுதான் கேள்வி. அளவுகளைக் கேலனில் சொல்கிறேன். அந்தத் தொழிலில் அதுதான் பேச்சுவழக்கு. ஒரு அமெரிக்க கேலன் சுமார் 3.8 லிட்டர், ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்.

முதலில் பழைய விமானத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இது ஜப்பானில் மிட்சுபிஷி டயமண்டாகப் பிறந்து 1978-இல் முதலில் பறந்தது, 1980-களில் பீச்கிராஃப்ட் கைக்கு வந்தது. இதே உடல்தான் ஜேஹாக் என்ற பெயரில் அமெரிக்க விமானப்படையின் பயிற்சி விமானமாக, ஒரு நாளில் எத்தனையோ முறை தரையைத் தொட்டு எழும்பும் வேலையைச் செய்தது. கட்டுமானம் உறுதி. கேபின் தரை சமதளம், தோளுக்கு நல்ல இடம். ஆக, உடலில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை இன்ஜினில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள டேங்கைப் பார்த்தாலே போதும். பீச்ஜெட் கொள்வது சுமார் 2,230 கிலோ எரிபொருள். அதை வைத்துக்கொண்டு நாலு பேரோடு, கையிருப்பு விட்டு, சுமார் 1,300 கடல் மைல் போகும். செஸ்னா சைட்டேஷன் சிஜே3+ (சிஜே3 ஜெட்டின் புதுப்பித்த வடிவம்) கொள்வது அதைவிட நூறு கிலோ குறைவு. ஆனால் அதன் அதிகபட்ச தூரம் 2,040 கடல் மைல். டேங்க் சின்னது, தூரம் அதிகம். இரண்டு தலைமுறை இன்ஜின்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் இதுதான்.

டெக்சாஸில் ஒரு ஜூலை மதியம். முழு டேங்க், நாலு பேர், பெட்டிகள். பீச்ஜெட்டின் ஜேடி15டி இன்ஜின்கள் தரைக்குப் பக்கத்தில் நன்றாகவே இழுக்கும். முப்பதாயிரம் அடியைத் தாண்டியதும் ஏறும் வேகம் தளர்ந்துபோகும். பல சமயம் 37,000 அடியில் நிறுத்தி, எரிபொருள் எரிந்து எடை குறையும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த படி. உயரே போனால்தான் ஜெட்டுக்குச் சிக்கனம். ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் அந்த உயரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். புதிய இன்ஜின்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டி ஒரே மூச்சில் ஏறிவிடுகின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கிறது.

இன்ஜின் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2005 நவம்பரில் ஒரு பீச்ஜெட்டின் இரண்டு இன்ஜின்களும் நடுவானில் அணைந்து, இன்ஜின் இல்லாமலேயே ஜாக்சன்வில்லில் தரையிறங்கியது. உயரத்தில் இருக்கும் நுண்ணிய பனித்துகள்கள் இன்ஜினுக்குள் போய்ப் படிந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. விமானிகள் பனித்தடுப்பை எப்போது போடுவது என்பதில் அதற்குப் பிறகு மிகக் கவனமாக இருக்கிறார்கள்.

இனி கணக்கு. விற்பனையாளர்கள் "மணிக்கு இத்தனை கேலன்" என்று தொடங்குவார்கள். அது ஏமாற்றும் எண், ஏனென்றால் மெதுவான விமானம் அதிக மணிநேரம் பறக்கிறது. அதனால் 500 கடல் மைல் பயணம் ஒன்றுக்கு, காற்று இல்லாத நாளில், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து நான் போட்ட தோராயக் கணக்கு இது:

பீச்ஜெட் 400ஏ: 270 கேலன்
எம்ப்ரேயர் ஃபீனம் 300: 230
நெக்ஸ்டன்ட் 400எக்ஸ்டி: 215
சிஜே3+: 210
கிங் ஏர் 350 (இரட்டை டர்போபிராப், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை): 190
ஹோண்டாஜெட்: 150
பிலாட்டஸ் பிசி-12 (ஒற்றை டர்போபிராப்): 135

கிங் ஏரைக் கவனியுங்கள். மணிக்கணக்கில் பார்த்தால் அது பீச்ஜெட்டில் பாதிதான் குடிக்கிறது. பயணக்கணக்கில் சிஜே3-க்கும் அதற்கும் வெறும் 20 கேலன்தான் வித்தியாசம். குளிர்காலத்தில் மேற்கு நோக்கி, 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) எதிர்காற்றில் போனால் அந்த 20-ம் போய்விடும். 300 நாட் வேகத்தில் போகிற விமானத்திடமிருந்து 80 போனால் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. 400-க்கு மேல் போகிறதற்கு அது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. திரும்பி வரும்போது பின்காற்று உதவும் என்பது சரிதான். ஆனால் தாமதத்தில் போன நேரம் அதிகம், லாபத்தில் வந்த நேரம் குறைவு, சமன் ஆகாது. குட்டையான ஓடுதளம், 200, 250 மைல் பயணம் என்றால் கிங் ஏர் அருமையான விமானம். 500 மைலுக்கு எரிபொருளைக் காரணம் காட்டி அதற்கு இறங்கி வர வேண்டியதில்லை.

பிசி-12 வேறு கதை. பாதி எரிபொருள்! கேபினும் விசாலம், பின்னால் பெரிய சரக்குக் கதவு. ஆனால் ஜெட்டில் பழகியவருக்கு முக்கால் மணி நேரம் கூடும், இன்ஜினும் ஒன்றுதான். அந்த பிடி6 இன்ஜின் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனாலும் வீட்டில் இருப்பவர்களும் காப்பீட்டுக்காரரும் ஒப்புக்கொள்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பல இடங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஹோண்டாஜெட் இறக்கைக்கு மேலே இன்ஜினைத் தூக்கி வைத்த வடிவம். ஜெட்களில் எரிபொருள் சிக்கனத்துக்கு இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம். தடை அளவுதான். பீச்ஜெட்டில் ஆறு பேரைக் கூட்டிப்போய்ப் பழகியவருக்கு எடையும் இடமும் சீக்கிரமே இடிக்கும். எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் என்றால் தயங்காமல் இதைப் பாருங்கள்.

ஃபீனம் 300 எனக்கு மிகவும் பிடித்த விமானம். வேகம், பின்னால் பெரிய சாமான் அறை, 5,000 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை). பல வருடங்களாகத் தன் வகையில் அதிகம் விற்பதும் இதுதான். முழு டேங்கோடு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தூரம் போக வேண்டுமென்றால் சிஜே3+ திணறும், ஃபீனம் திணறாது. ஆனால் நம் உரிமையாளரின் பயணம் அது இல்லையே. பிலாட்டஸின் பிசி-24-உம் அப்படித்தான். சரளை ஓடுதளத்திலும் இறங்கும் ஜெட் அது. ஆஸ்திரேலியாவில் தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் மருத்துவம் கொண்டுபோகும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸுக்கு அதுதான் தேவை. தார்போட்ட ஓடுதளத்திலேயே இறங்கி ஏறுபவர் அதை வாங்கினால் பயன்படுத்தாத திறனுக்குப் பணம் கொடுத்ததாக ஆகும்.

உண்மையான போட்டி 400எக்ஸ்டி-க்கும் சிஜே3-க்கும் நடுவில்தான். 400எக்ஸ்டி என்பது பீச்ஜெட்டேதான். ஓஹையோவின் கிளீவ்லேண்டில் நெக்ஸ்டன்ட் நிறுவனம் பழைய உடலைப் பிரித்து, வில்லியம்ஸ் எஃப்ஜே44 இன்ஜின்களையும் புதிய காக்பிட் திரைகளையும் பொருத்தி, 2011-இல் சான்றிதழ் வாங்கியது. தூரம் சுமார் 2,000 கடல் மைலாக உயர்ந்தது. பீச்ஜெட் ஓட்டிப் பழகிய விமானிகள் புதிதாக டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) எடுக்க வேண்டாம், வித்தியாசங்களுக்கான பயிற்சி போதும். மெக்கானிக்கும் அந்த உடலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர். சமதளக் கேபின் அப்படியே இருக்கிறது. சிஜே3-இல் நடுவில் பள்ளமான நடைபாதை, அது சிலருக்குப் பிடிப்பதில்லை.

ஆனாலும் நான் பழைய சிஜே3 பக்கம்தான் நிற்பேன். 400எக்ஸ்டி-இல் இன்ஜின் புதிது, உடலின் வயது அதேதான். மாற்றியமைத்த விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு, விற்கும்போது வாங்குபவரைத் தேட வேண்டும். சிஜே3-க்கு உதிரிபாகமும் ஆளும் எங்கும் கிடைக்கும். அதற்கு ஒரு விமானி போதும் என்று சான்றிதழ் உண்டு (நான் இரண்டு பேரைத்தான் உட்கார வைப்பேன், அது வேறு விஷயம்). எனக்கு மிகப் பெரிய காரணம் ஓடுதளம். கடல் மட்டத்தில், இதமான நாளில், முழு எடையோடு சிஜே3+ எழும்ப 3,180 அடி போதும். பீச்ஜெட்டுக்குச் சுமார் 4,000 அடி. தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரின் சின்ன விமான நிலையத்தில் இறங்க முடிந்தால் காரில் போகும் ஒரு மணி நேரம் மிச்சம்.

இப்போது பணம். பயணத்துக்கு 60 கேலன் மிச்சம், வருடம் 200 பயணம், கேலன் 6 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 72,000 டாலர். பழையதை விற்று சிஜே3 வாங்க 40 லட்சம் டாலர் கூடுதலாகத் தேவைப்பட்டால், எரிபொருள் மட்டும் அதை ஈடுகட்ட 55 வருடம் ஆகும். எரிபொருளுக்காக மட்டும் மாற்றுவது கணக்கில் நிற்காது. மாற்றத்துக்குச் சரியான நேரம் இரண்டு ஜேடி15டி இன்ஜின்களும் ஓவர்ஹாலுக்கு வரும் சமயம். அந்தச் செலவு விமானத்தின் விலையையே தொட்டுவிடும், செய்து முடித்தாலும் விமானத்தின் மதிப்பு அந்த அளவுக்கு ஏறாது. ஓவர்ஹாலுக்கு இன்னும் 1,500 மணி நேரம் இருக்கிறதென்றால் பீச்ஜெட்டையே ஓட்டுங்கள், அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

எதற்கும் கடைசி இரண்டு வருடப் பயண லாக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உரிமையாளருக்காக அப்படி ஒரு லாக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறு பேர் ஏறிய பயணங்களைச் சிவப்பிலும், யாருமே இல்லாமல் திரும்பி வந்தவற்றை நீலத்திலும் குறித்துக்கொண்டே போனோம். சிவப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. நீலம் பக்கத்துக்குப் பக்கம். பெரிய விமானம் வேண்டும் என்று வந்தவர், அந்தச் சில சிவப்புப் பயணங்களுக்கு வாடகை விமானம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார். காலி விமானம் திரும்பி வராமல் அடுத்த நாள் வேலைக்கு அங்கேயே நின்றால் எத்தனை கேலன் மிஞ்சும் என்று அன்று மாலையே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்.