ஜெயந்தி ரோகுவா, கிஃப்ட் திலேப்பியாவா?

ஓமலூர் பக்கம் எனக்கு ஒரு பண்ணைக்குட்டை, வீட்டோரம் ஒரு பயோஃபிளாக் தொட்டி (மீன் கழிவை நுண்ணுயிரிகள் மாற்றிவிடுவதால் நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டி). ஏற்காட்டில் மச்சானின் காப்பித் தோட்டத்தில் இன்னொரு குட்டை. "நோய் தாங்குற குஞ்சா ஒரே ரகம் வாங்கி மூணுலயும் விட்டுடலாம்" என்றார் மச்சான். அப்படி ஒரு ரகம் உண்டா என்று பார்த்தேன்.

ஜெயந்தி ரோகு நம் நாட்டுச் சரக்கு. புவனேஸ்வர் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் 1992ல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய வேலை. 1997ல், சுதந்திரப் பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது வேகமாக வளர்வதற்காகத் தேர்ந்தெடுத்த மீன். ஏரோமோனாஸ் என்ற நோய்க்கிருமியை (ஒரு பாக்டீரியா) தாங்கும் வம்சத்தைத் தனியாகத்தான் உருவாக்கினார்கள். ஜெயந்தி என்றாலே நோய் அண்டாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இன்னொரு சிக்கல், நோய் தாங்குமா என்று சோதிக்கும் முறை. ஒரே தாய்தகப்பன் குஞ்சுகளில் சிலவற்றுக்கு ஊசியில் கிருமியை ஏற்றுவார்கள். அதிகம் பிழைத்த குடும்பம் எது என்று பார்த்து, அதில் கிருமி படாத உடன்பிறப்புகளை இனப்பெருக்கத்துக்கு வைப்பார்கள். ஊசி தோலையும் வழவழப்பையும் தாண்டி நேராக உள்ளே போகிறது. என் குட்டையிலோ மீன்பேன் கடித்த புண்ணிலும் வலை உரசிய காயத்திலும்தான் நோய் ஏறுகிறது. ஊசியில் ஜெயித்த குடும்பம் சேற்றுத் தண்ணீரிலும் முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

கிஃப்ட் திலேப்பியா 1988ல் பிலிப்பைன்ஸில் தொடங்கியது, அதுவும் வளர்ச்சிக்காகத்தான். அதன் பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2018ல் மலேசிய இனப்பெருக்கக் குளத்தில் திலேப்பியா ஏரி வைரஸ் தானாகவே புகுந்தபோது, சில குடும்பங்கள் செத்து விழ, சில தாக்குப்பிடித்தன. ஊசியில்லாத, உண்மையான குளத்துப் பரீட்சை! ஆனால் அது வைரஸுக்கு. சூடான, நெருக்கமான தொட்டியில் திலேப்பியாவுக்குப் பெரிய எதிரி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதற்கு வேறு பரீட்சை வேண்டும்.

மலைக்கு இரண்டுமே வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரம்; மார்கழிக் குளிரில் திலேப்பியா இரை எடுப்பதே குறையும், எதிர்ப்புச் சக்தியும் கூடவே இறங்கும்.

என் முடிவு: குட்டைக்கு ரோகு, தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரித்த பிறகு. தொட்டிக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் கிடைக்கும் கிஃப்ட் குஞ்சு, அனுமதி வாங்கிக்கொண்டு. ஏற்காட்டுக்குக் குளிர் தாங்கும் சாதாக்கெண்டை. "முள்ளு ஜாஸ்தியாச்சே" என்று முகம் சுளித்தார் மச்சான்.