7700எக்ஸ் சூட்டைக் குறைக்க எது சரி: பெரிய கூலரா, ஈக்கோ மோடா, கர்வ் ஆப்டிமைசரா?

ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் பிராசசரைப் போட்டுக் கணினி கட்டியவர்கள் முதல் நாளே பயப்படும் இடம் ஒன்று உண்டு. பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஓடவிட்டால் அது 95 டிகிரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இறங்காது. நானும் பதறிப்போய்க் கூலரைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்து, புதிதாகத் தடவி மாட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே 95. 2022-இல் இந்த வரிசை வந்தபோதே ஏஎம்டி சொல்லிவிட்டது, 95 வரை போவது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது, இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் என்று. ஆக, சிப் எரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். என் கவலை வேறு. 105 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இது 142 வாட் வரை இழுக்கலாம், இழுக்கும் அத்தனையும் சூடாக அறைக்குள்தான் வந்து சேரும். மே மாதத்து மதுரையில், ஏசி இல்லாத மாடி அறையில், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோ எடிட் செய்து பாருங்கள், புரியும்.

எல்லாரும் முதலில் காசு போடுவது கூலரில்தான், நானும் அப்படித்தான். ஒற்றைக் கோபுரக் கூலரை எடுத்துவிட்டு இரட்டைக் கோபுரம் மாட்டினேன், முழுச் சுமையில் மூன்று நான்கு டிகிரி இறங்கியது, அவ்வளவுதான். காரணம் கூலரில் இல்லை. எட்டுக் கோர்களும் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான், நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அவ்வளவு சூடும் அந்தச் சின்ன இடத்திலிருந்து, முந்தைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் இதிலும் பொருந்த வேண்டும் என்று தடிமனாகச் செய்த உலோக மூடியைத் தாண்டி மேலே வர வேண்டும். லிக்விட் கூலர் போட்டாலும் அந்த இடுக்கு அப்படியேதான் இருக்கும். போதாததற்கு, கூலர் நன்றாக இழுக்க இழுக்கச் சிப் இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றிக்கொள்ளும். சத்தம் குறைய நல்ல கூலர் அவசியம்தான், ஆனால் அறைச் சூட்டுக்கு அது மருந்தே இல்லை.

வெப்ப வரம்பை 95-இலிருந்து 85-க்குக் குறைப்பது அடுத்த வழி. பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், ஒரே ஒரு எண், வேலை முடிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் அறை கொதிக்கும்போது வேகம் இறங்குகிறது, அதிகாலையில் ஏறுகிறது, ஃபேன் மட்டும் எப்போதும் அந்த 85-க்கு உரிய சத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிப் இழுக்கும் மின்சக்திக்கு வரம்பு போடும் ஈக்கோ மோடுதான் என் முதல் சிபாரிசு. 65 வாட் ஈக்கோ என்று தேர்ந்தெடுத்தால் மொத்த மின்சக்தி 88 வாட்டில் கட்டுப்படும். சிப்புக்கு உள்ளே செலவாகும் சக்தி வோல்டேஜின் இருமடியோடு ஏறுகிறது. வேகத்தை மாற்றாமல் 1.3 வோல்ட்டை 1.2 ஆக்கினாலே அந்தச் செலவில் ஏழில் ஒரு பங்கு போய்விடும், வேகமும் கொஞ்சம் இறங்கினால் மிச்சம் இன்னும் அதிகம். கடைசி இருநூறு முந்நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் சிப் அவ்வளவு வோல்டேஜ் கேட்கிறது, அதை விட்டுக்கொடுத்தால் நாம் இழப்பது சொற்பம். என் கணினியில் ஒரு மணி நேரம் ஓடும் ரெண்டர் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக ஓடியது, சூடு 70-ஐ ஒட்டி நின்றது, கேம்களில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இன்னும் வாங்கவே இல்லை என்றால் ஒரு யோசனை: 2023 ஜனவரியில் வந்த எக்ஸ் இல்லாத 7700-ஐப் பாருங்கள். அதே எட்டுக் கோர், அதே 88 வாட், பெட்டிக்குள்ளேயே ஒரு கூலரும் வரும்.

சரி, கர்வ் ஆப்டிமைசர். இதைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் பேசுகிறார்கள். ஒவ்வொரு கோருக்கும் எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஒரு வளைகோடு இருக்கிறது, அதை மொத்தமாகக் கீழே தள்ளுவதுதான் இது. ஒரு எண்ணுக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 30 போட்டால் போதும், எல்லாம் குளிர்ந்துவிடும் என்கிறார்கள். ஈக்கோ இல்லாமல் இதை மட்டும் போட்டால், கிடைத்த மிச்சத்தைச் சிப் பெரும்பாலும் வேகமாக மாற்றிக்கொள்ளும், சூடு நினைத்த அளவு இறங்காது. ஈக்கோவோடு சேர்த்துப் போடும்போதுதான் இதன் அருமை தெரியும், அதே 88 வாட்டுக்குள் கூடுதல் வேகம், இழந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும்.

ஆனால் சோதனை! நான் மைனஸ் 25 போட்டு, சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சிக்கலும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து, பிரவுசரில் நாலைந்து டேப் மட்டும் திறந்து வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் திரையில் லாகின் பக்கம், தானாகவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அந்த நேரத்துக்கு நேராக ஹூயா (WHEA) எனும் வன்பொருள் பிழை ஒன்று, பிராசசர் கோர் என்று குறிப்போடு. முழுச் சுமையில் எல்லாக் கோரும் நிதானமான வேகத்தில்தான் ஓடுகின்றன. சும்மா இருக்கும்போது திடீரென ஒரே கோர் 5.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும் அந்த நொடியில்தான் வோல்டேஜ் பற்றாமல் விழுகிறது. அதனால் கோர்சைக்கிளர் போன்ற சோதனை மென்பொருள் ஒன்றை வைத்து, ஒவ்வொரு கோராக, இரவு முழுக்க ஓடவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்கு விழுந்தது ஒரே ஒரு கோர், அதுவும் ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் காட்டும் மிகச் சிறந்த கோர். நல்ல கோர்கள் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில்தான் ஓடுகின்றன, அவற்றில் மேலும் குறைக்க இடம் இருக்காது.

வோல்டேஜை ஒரே எண்ணில் பூட்டி, எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் ஓட்டும் பழைய முறையை இந்தச் சிப்பில் யாரும் செய்ய வேண்டாம். ஒற்றைக் கோர் வேகம் போய்விடும், சும்மா இருக்கும்போதும் அதே வோல்டேஜ் நிற்கும். வோல்டேஜை மொத்தமாக ஒரே அளவு குறைக்கும் பொதுவான மைனஸ் ஆஃப்செட்டும் ஏமாற்றும். கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வேகம் சரியாகத் தெரியும், உண்மையில் ஓடிய வேகத்தைச் சொல்லும் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரி மட்டும் கீழே இருக்கும், மதிப்பெண்ணும் இறங்கியிருக்கும்.

எந்த வழி என்றாலும் பயாஸை முதலில் புதுப்பியுங்கள். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி சிப்கள் சில கருகியபோது ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜை (கோர்களுக்கு அல்லாமல், மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3-க்கு மேல் போகாதபடி கட்டியது, பழைய பயாஸில் அந்தக் கட்டு இல்லை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிப்பை 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாத மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும், பிராசசரின் உள் நிரல் திருத்தம்) 2024 ஆகஸ்டில்தான் வந்தது, அதற்குமுன் கெட்டுப்போன சிப் அதனால் சரியாகாது.

இப்போது என் கணினியில் ஈக்கோ 65, ஏழு கோருக்கு மைனஸ் 20, அந்த ஒரு கோருக்கு மட்டும் மைனஸ் 5. பயாஸ் புதுப்பித்தால் இந்த எண்கள் அழிந்துவிடுகின்றன, அதனால் ஒரு சீட்டில் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.