ஆறு மணிக்கு மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டு கழகங்களில் பிள்ளைகளை விட்டுப் பார்த்தபின்

மகளுக்கு 12 வயது, உதைபந்தாட்டம் என்றால் சாப்பாடுகூட வேண்டாம். மகனுக்கு 9. இந்த வருடத் தொடக்கத்தில் இருவரையும் மட்டக்களப்பு நகரத்துப் பக்கம் ஒரு கழகத்தில் சேர்த்தேன். இரண்டரை மாதத்தில் எடுத்துவிட்டு, கல்லடிப் பாலம் தாண்டி இன்னொரு கழகத்தில் விட்டேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது. நிறையப் பேர் காரணம் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

விளையாட்டை மட்டும் பார்த்தால் நகரத்துக் கழகம்தான் மேல். அலுமாரி நிறையக் கிண்ணம், பெயர்போன கோச், வெபர் மைதானத்தில் ஆடக் கிடைக்கும் வாய்ப்பு. கல்லடிப் பக்கத்துக் கழகத்தின் மைதானம் பாதி புல், பாதி மணல். சந்தாவில் பெரிய வித்தியாசமில்லை.

என்னை மாற்றியது பயிற்சி நேரம்.

நகரத்துக் கழகத்தில் 4 மணிக்குப் பெரிய பொடியன்கள், பிறகு சின்னப் பொடியன்கள். மிஞ்சுவதுதான் பெண்பிள்ளைகளுக்கு. தொடங்கவே ஐந்தேகால் ஆகும். மார்கழி, தையில் 6 மணியோடு பொழுது பட்டுவிடும். அதற்குள் பொடியன்களின் தாய்தகப்பன் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், உதவிக் கோச்சும் போயிருப்பார். இருட்டும் நேரத்தில் ஐந்தாறு பெண்பிள்ளைகளும் ஒரே ஒரு ஆணும் மைதானத்தில். யாருக்காவது வீட்டிலிருந்து ஆள் வரப் பிந்தினால் அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார்.

அவரைப் பற்றி ஒரு தப்பான சொல்லும் நான் கேட்டதில்லை, நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஒருவருடைய நல்ல குணத்தை மட்டும் நம்பி நடக்கிற ஏற்பாடு, நாளைக்கு வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தாலும் அப்படியேதான் நடக்கும்.

பெண்பிள்ளைகளைச் சமமாக நடத்துவது ஒரு பேச்சு, பாதுகாப்பு வேறு பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த மைதானத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கடைசி நேரத்தைக் கொடுத்ததால் இருட்டு, இருட்டியதால் ஆளில்லை, ஆளில்லாததால் தனியாக ஒருவரோடு வீட்டுக்குப் பயணம். நேரத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இரண்டு பேராவது நில்லுங்கள் என்று கேட்டேன். “எங்கள்ல நம்பிக்கை இல்லையா தங்கச்சி?” என்றார்கள். சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பிள்ளையை விடுவதா இல்லையா என்று முடிவெடுத்தது அங்கேதான்.

கல்லடிப் பக்கத்தில் மாலை 4 மணிப் பயிற்சி முறைவைத்து வரும். ஒருநாள் பெண்பிள்ளைகளுக்கு, மறுநாள் பொடியன்களுக்கு. கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இருவர் நிற்பார்கள், அதில் ஒருவர் முறைக்கு வந்த ஒரு தாய். வேறொருவரின் பிள்ளையை யாரும் தனியாக வாகனத்தில் ஏற்றுவதில்லை. வட்ஸ்அப் குழுவில் பெற்றோர் மட்டும்தான், கோச் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பமாட்டார். என் மகனுக்கும் இதே விதிகள்தான். பொடியனுக்கு என்ன நடக்கப்போகுது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

சாமான் அறைச் சுவரில் 1929 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை எப்படிச் சந்திப்பது என்றும் முதல் கூட்டத்திலேயே சொன்னார்கள். அணியைத் தெரிவுசெய்வதும் கோச், முறைப்பாட்டைக் கேட்பதும் கோச் என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? வெளியே ஒரு கதவு இருப்பது பிள்ளைக்கும் தெரியவேண்டும்.

இன்னொன்று. மகளின் சிநேகிதி ஒருத்தி காத்தான்குடியிலிருந்து வருகிறாள், தலையை மறைத்துத்தான் ஆடுவாள். முதல் கழகத்தில் “எல்லாருக்கும் ஒரே உடுப்பு” என்று இழுத்தார்கள். தலையை மறைத்து ஆடுவதை 2014 இலேயே ஃபிஃபா அனுமதித்துவிட்டது. இங்கே அவள்தான் கோல்காப்பாளர்.

குறைகளும் உண்டு. மாரியில் மைதானம் வெள்ளத்தில் நிற்கும், பயிற்சி நின்றுவிடும். கடையில், ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிற தாய்மாருக்கு முறைக்கு நிற்பது பெரிய கஷ்டம். நானே இரண்டு தடவை தவறவிட்டேன், அப்போது வேறொரு அக்கா வந்து நின்றார். வெளியூரில் இரவு தங்கும் போட்டிக்கு இன்னும் நாங்கள் போனதில்லை. ஒரு பெண் கூடப் போவார் என்று விதியில் இருக்கிறது, நடந்து பார்க்கவில்லை. நான் இருந்த காலத்தில் முறைப்பாடு ஒன்றும் வராததால், வந்தால் எப்படிக் கையாளுவார்கள் என்றும் சொல்லமுடியாது.

மகன் இன்னும் நகரத்துக் கழகத்தைத்தான் கேட்கிறான், அவனுடைய கூட்டாளிகள் எல்லாம் அங்கே. போன மாதம் அங்கே பிள்ளையை விடுகிற நாலு தாய்மார் சேர்ந்து, பெண்பிள்ளைகளுக்கு 4 மணியைத் தரும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நேரம் மாறினால், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் 6 மணிக்கு அங்கே போய் நின்று பார்ப்பேன்.